பாப்பா கண்ணுக்குள் ஒரு வெள்ளை உருவம்

"கடையில பேய வெச்சுக்கிட்டா கொழந்தைங்கள போட்டோ புடிக்கறீங்க?"

முன்னறையிலிருந்து இந்தக் குரல் வந்தபோது நான் சமையல்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உருவின காம்பு கையிலேயே நின்றுவிட்டது.

முன்னறை என்றால் என் மகள் சுமதியின் ஸ்டுடியோ. மைசூரில் அக்ரஹாரம் என்கிற பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்பக்கத்து அறைதான் அது. கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் மட்டும் படம் எடுப்பாள். ஆரம்பித்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை.

குரல் மரகதத்தினுடையது. கொள்ளேகாலில் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிறவர். அவருடைய தம்பி மகள் தன்விக்கு எட்டு மாதம். அந்தப் பாப்பாவைச் சுமதி படம் எடுத்துக் கொடுத்திருந்தாள். இன்னும் இரண்டு நாளில் கொள்ளேகாலில் பாப்பாவுக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் கட்டுவதற்காக அந்தப் படத்தை ஃபிளெக்ஸ் பேனராக அடித்திருந்தார்கள்.

மரகதம் சுருட்டிக் கொண்டுவந்த பேனரைத் தரையில் விரித்தார். நான் கதவுத் திரையின் இடுக்கில் பார்த்தேன். அறை முழுக்கப் பாப்பாவின் முகம். பேனர் கடைக்காரர் உடம்பையெல்லாம் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிசாக்கியிருந்தார். ஒவ்வொரு கண்ணும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

"இங்க பாருங்க, இதென்னுங்க?" மரகதம் குனிந்து, தொடாமல் விரலை மட்டும் நீட்டினார். "இந்தப் பக்கம் ஜன்னல். கம்பி தெரியுது, சரி. அந்தப் பக்கம்? வெள்ளையா ஒண்ணு நிக்குதா? தலை இருக்குதா? கை ரெண்டும் விரிச்சிருக்குதா? கால் எங்க? காலையே காணோம்!"

பக்கத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் அம்மா ரேவதி நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"போட்டோ எடுத்த அன்னிக்கு நான் கூடவேதான் இருந்தேன். இந்த மாதிரி யாருமே ரூம்ல இல்லைங்க" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த வெள்ளை உருவம் நான். ஆனால் அவள் என்னைப் பார்த்ததே இல்லை. அது எப்படி என்பதைச் சொன்னால்தான் உங்களுக்கு மீதி புரியும்.

திரைக்கு இந்தப் பக்கம்

எனக்கு ஆட்களைக் கண்டால் கூச்சம். இது வயசானதால் வந்ததில்லை. டீச்சர் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டவள் நான். அஞ்சாங்கிளாஸோடு படிப்பு நின்றபோது எல்லோரும் பாவம் என்றார்கள். எனக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது.

கல்யாணமாகி மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பாலாறு செக்போஸ்ட் வழியாக பஸ்ஸில் மைசூர் வந்ததைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன் என்பதைப் படித்துவிட்டு, காடு அவ்வளவு அழகா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்கள். காடு அழகுதான் அம்மா. ஆனால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க வெட்கம். கட்டினவர்தான், இருந்தாலும்.

அவர் கொத்தனார். மைசூரில் எத்தனையோ வீட்டுச் சுவர் அவர் எழுப்பினது. ஒரு வீட்டுப் புதுமனை விழாவுக்கும் நான் போனதில்லை. "வீட்ல ஒடம்பு சரியில்ல" என்று அவரே சொல்லிச் சமாளித்துவிடுவார். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது.

சுமதிக்கு என் குணம் வரவில்லை. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். கல்யாண வீடுகளுக்கு லைட் பிடிக்கப் போனாள். லைட் பிடித்த கை ஒருநாள் கேமரா பிடித்தது. பிறகு கல்யாணமே வேண்டாம், குழந்தைகள் மட்டும் போதும் என்று வந்துவிட்டாள். ஏன்டீ என்று கேட்டேன்.

"கல்யாணத்துல எல்லாரும் கேமராவையே பாக்கறாங்கம்மா. குழந்தைங்கதான் ஆளைப் பாக்குது."

ஸ்டுடியோவுக்கு யார் வந்தாலும் நான் சமையல்கட்டுக்குள் போய்விடுவேன். காப்பி போட்டுத் திரை ஓரத்தில் தம்ளர்களை வைப்பேன். சுமதி வந்து எடுத்துப் போவாள். வாய் பேசாத கைக்குழந்தைகளிடம் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது. அதுகள் நம்மை ஒன்றும் கேட்காது. பார்க்கும், அவ்வளவுதான்.

ஒரு பொட்டு வெளிச்சம்

குழந்தைப் படம் என்றால் சிரிப்புதான் முக்கியம் என்று நான் நினைத்திருந்தேன். சுமதி அப்படியில்லை என்பாள்.

"வாய் சிரிக்காட்டியும் பரவால்லம்மா. கண்ணுக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் விழணும். இல்லேன்னா எவ்வளவு அழகான குழந்தையும் தசரா பொம்மைதான்."

அதற்காக அவள் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். முதலில் ட்யூப் லைட்டை அணைத்துவிடுவாள். மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தால் புருவத்து நிழல் கண்ணில் இறங்கிவிடும். பளிச்சென்று வெட்டுகிற ஃபிளாஷும் கிடையாது. எங்கள் அறையில் வெயில் நேராக அடிக்காத பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது. மெத்தையை அதற்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் குழந்தையை உட்காரவைப்பாள். அப்புறம் தானே தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். குழந்தையின் கண் எந்த உயரமோ கேமராவும் அந்த உயரத்தில் இருக்கணும். நின்றபடி எடுத்தால் நெற்றிதான் பெரிசாக வரும், கண் உள்ளே போய்விடும். இமை முடியில் குறி வைப்பாள். மூக்கு நுனி மங்கினாலும் காது மங்கினாலும் கவலைப்பட மாட்டாள்.

மை ஒரு பெரிய தகராறு. குழந்தையைப் படம் எடுக்க வருகிற தாய்மார் கண் கொள்ளாமல் மையை அப்பிக்கொண்டு வருவார்கள். அத்தனை மையில் வெளிச்சம் நிற்காது. படத்தில் கண் இருக்கிற இடம் இரண்டு அடுப்புக்கரிக் குழி மாதிரி தெரியும். துடைக்கச் சொன்னால் சண்டை.

"மை இல்லாம எம் புள்ளைய எடுத்தா ஊர்க்கண்ணு பட்டுடாதா?" என்று ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகவே பார்த்தாள். கண்ணுக்குப் பதில் உள்ளங்காலில் நல்ல பெரிசாக வைத்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஸ்டுடியோப் படங்களில் காலை நீட்டிய குழந்தைகளுக்கெல்லாம் உள்ளங்காலில் ஒரு கறுப்பு நிலா.

பச்சைக்கரை வேட்டி

ஜன்னல் ஒரு பக்கம் வெளிச்சம் தரும். மறுபக்கத்துக் கண் இருட்டில் கிடக்கும். அந்தப் பக்கம் வெள்ளையாக எதையாவது பிடித்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி அந்தக் கண்ணையும் எழுப்பிவிடும். இதற்கென்றே வெள்ளி நிறத்தில் மடக்குத் தட்டு ஒன்று விற்கிறது. வாங்கினாள். அதைப் பிரித்தால் படார் என்று விரியும். முதல் குழந்தை அலறின அலறலில் தெருவே எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டியை எடுத்தாள். வேட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் பச்சைக் கரை. குழந்தையின் கன்னத்தில் லேசாகப் பாசி படர்ந்த மாதிரி ஒரு பச்சை விழுந்தது. கரையை வெட்டணும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். நானே வாங்கி வெட்டினேன்.

அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும். எனக்குச் சம்மதம்தான். வேட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால் தரைவரை தொங்கும். பின்னால் நான் இருப்பது யாருக்கும் தெரியாது. அப்படியே சமையல்கட்டிலிருந்து வேட்டியோடு நுழைவேன், வேட்டியோடு திரும்புவேன். ஏதோ கம்பியில் துணி தொங்குகிறது என்றுதான் வந்தவர்கள் நினைப்பார்கள்.

எல்லாம் தயாரானதும் சுமதி "அம்மா" என்று மெல்லக் கூப்பிடுவாள். நான் கையை இரண்டு பக்கமும் விரித்து, வேட்டியைக் கழுத்துவரை இறக்கி, உதட்டைக் கூட்டி "ப்ர்ர்ர்" என்பேன். என்னடா இது என்று குழந்தை நிமிர்ந்து பார்க்கும். கண் அகலமாக விரியும். சுமதி எடுத்துவிடுவாள். என் தலை மறுபடி உள்ளே போய்விடும்.

ரேவதி கூடவே இருந்தும் இதையெல்லாம் எப்படிப் பார்க்காமல் போனாள்? அவள் போர்வைக்குள் இருந்தாள். எட்டு மாதக் குழந்தை நிலையாக உட்காராது. அதனால் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து மெத்தை விரிப்பின் நிறத்திலேயே ஒரு போர்வையைத் தலையோடு போர்த்திவிடுவோம். உள்ளேயிருந்தபடி அவர்கள் குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். என் 'ப்ர்ர்ர்' சத்தத்தையும் சுமதி போடுவதாகத்தான் நினைப்பார்கள். அன்றைக்குப் போர்வைக்குள் அவள். வேட்டிக்குள் நான். அறையில் வெளியே இருந்தது சுமதியும் பாப்பாவும்தான்.

காப்பி போட்டது யாரு?

சரி, பேனர் விரித்த இடத்துக்கு வருகிறேன்.

"ஆன்ட்டி, அது பேயுமில்ல ஒண்ணுமில்ல. எங்கம்மா. வேட்டி பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள் சுமதி.

"உங்கம்மாவா?" மரகதத்தின் குரல் சட்டென்று இறங்கியது. "உங்கம்மா தவறிட்டாங்கன்னு இல்ல நெனச்சிருந்தேன்?"

"ஐயோ, உள்ளதான் இருக்காங்க."

"எப்ப வந்தாலும் இதையேதான் சொல்றீங்க. உள்ள இருக்காங்க, உள்ள இருக்காங்கன்னு. நானும் எத்தனை வாட்டி வந்துட்டேன். வாங்கன்னு ஒரு சொல்லு வந்திருக்குமா? உசுரோட இருக்கற பொம்பள வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம இருப்பாளா?"

ரேவதி மெதுவாக, "அண்ணி, அப்ப நாம குடிச்ச காப்பிய யாரு போட்டது?" என்றாள்.

மரகதம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டார்.

வேறு நேரமாயிருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. காதுகுத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பாப்பாவைப் பூசாரியிடம் கூட்டிப்போவதாக மரகதம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கடையில் சேலை எடுக்காத வீடு அந்தப் பக்கம் குறைவு. மைசூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பேய் இருக்கிறது, குழந்தை கண்ணில் ஏறிக்கொள்கிறது என்று அவர் ஒரு வாய் சொன்னால் போதும். அதற்குமேல் எந்தத் தாய் எங்கள் வாசல்படி ஏறுவாள்? சுமதியின் பிழைப்பே அந்த வாசல்படிதான்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல அத அழிச்சிடலாம் இல்லைங்களா? எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் சொன்னாரு" என்று சுமதியிடம் கேட்டாள் ரேவதி.

"போட்டோவுல அழிப்பாங்க. பாப்பா கண்ணுல யாரு அழிப்பாங்க?" என்றார் மரகதம். பிறகு அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. அழிச்சுக் குடுங்க. வேற பேனர் அடிச்சுக்கறோம். வெளிய யார்கிட்டயும் நான் பேசல. ஆனா என்னமோ ஒண்ணு அங்க இருந்துச்சுன்னு ஒத்துக்குங்க."

திரைக்குப் பின்னால் நான் மனசுக்குள், ஒத்துக்கோடீ, ஒத்துக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு துளி வெள்ளை, அழித்தால் போகிறது. பிழைப்பு நிற்கும்.

"அழிக்க மாட்டேன் ஆன்ட்டி" என்றாள் சுமதி.

"என்னது?"

"பாப்பா யாரைப் பாத்துக் கண்ணை இவ்வளவு பெரிசாத் தொறந்துச்சோ, அவங்களையே அழிச்சிட்டா அந்தக் கண்ணுல மிச்சம் என்ன இருக்கும்? அது எங்கம்மா. இந்தச் சுவத்துல மாட்டியிருக்கற அத்தனை குழந்தைங்க கண்ணுலயும் எங்கம்மாதான் நிக்கிறாங்க. நீங்க கொள்ளேகால் பூரா சொன்னாலும் சரி, எங்கம்மாவ நான் அழிக்க மாட்டேன்."

அத்தனை குழந்தைகள் கண்ணிலும் என்று அவள் சொன்னாளே, அது எனக்கே அந்த நிமிஷம்தான் தெரியும். படங்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இத்தனை பெரிய பேச்சைப் பேசுகிற பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு நான் கீரை உருவிக்கொண்டிருப்பதா?

கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டேன். திரையைத் தள்ளினேன்.

வாங்க

"வாங்க" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். மரகதம் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். நானும் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். ஈரக் கால், அதில் ஒட்டின முருங்கை இலை.

"நெசமாவே இருக்கறீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

சுமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சாக்கா ஆன்ட்டி?" என்று கன்னடத்தில் கேட்டாள். போதுமா என்று அர்த்தம்.

மரகதத்துக்குப் போதவில்லை. வியாபாரம் செய்கிறவர் இல்லையா, உரசிப் பார்க்காமல் விடுவாரா? மெத்தையை ஜன்னல் பக்கம் போடச் சொன்னார். ரேவதி பாப்பாவைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் வேட்டியை விரித்துக்கொண்டு என் இடத்தில் நின்றேன். மரகதம் பட்டுச்சேலையைக்கூடப் பார்க்காமல் தரையில் முட்டிபோட்டுப் பாப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

நான் "ப்ர்ர்ர்" என்றேன். பாப்பா நிமிர்ந்தது.

மரகதம் அதன் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார்.

"அக்கா, கைய ஆட்டுங்க" என்றார் மரகதம், திரும்பாமலே. ஆட்டினேன்.

"ஆடுது! ஜன்னலு இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். அட, நடுவுல நானும் இருக்கறேன். மூக்குத்திகூட மின்னுதே! ஏம்மிணி ரேவதி, இங்க வா. வந்து உன்ற மொகத்தப் பாரு."

பாப்பாவை அவர் பிடித்துக்கொள்ள, ரேவதி முன்னால் வந்து குனிந்தாள். எட்டு மாதமாகப் பால் கொடுத்துக் குளிப்பாட்டித் தூங்கவைத்த பெண். அந்தக் கண்ணுக்குள் தான் இருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். வீங்கின முகத்தோடு சிரித்தாள். பாப்பாவும் சிரித்தது. அதற்குள் சுமதி எங்கிருந்தோ கேமராவை எடுத்து அதைப் பிடித்துவிட்டாள். அந்தப் படம் இப்போதும் எங்கள் சுவரில் இருக்கிறது.

மரகதத்துக்குப் பேய் பயம் போய் ஆசை வந்துவிட்டது. "என்ற மருமவ கண்ணுல அத்தைக்காரி நானில்ல இருக்கணும்? வேட்டியக் குடுங்க. இன்னொண்ணு எடுங்க. அதையே பேனர் அடிக்கலாம்."

கொடுத்தேன். அவர் கொஞ்சம் பாரியான உடம்பு. கை இரண்டையும் விரித்து வேட்டியை உதறி, "தங்கம்!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பாப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வீறிட்டது. திரும்பவும் செய்து பார்த்தார். திரும்பவும் வீறிட்டது.

"கண்ணையே தொறக்க மாட்டேங்குதே" என்று வேட்டியை என் தோளிலேயே போட்டார். "சரி போங்க. நீங்களே இருந்துட்டுப் போங்க. பழைய பேனரே போதும்."

அன்றைக்குக் காப்பியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்து முடித்துக் கிளம்பும்போது, "காதுகுத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும். வரலைன்னா பேயின்னுதான் சொல்லுவேன்" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

மண்டப வாசலில்

போனேன். வீட்டுக்காரர் இருந்த காலத்தில்கூட நான் இப்படி ஒரு விசேஷத்துக்குப் போனதில்லை.

கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான் மண்டபம். தூரத்திலேயே பேனர் தெரிந்தது. வாழைமரத்துக்கு நடுவில் பாப்பாவின் முகம். வெயிலில் அந்தக் கண் இரண்டும் உயிரோடு இருக்கிற மாதிரி நம்மையே பார்த்தது. சைக்கிளில் போகிறவர்கூட ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனார். என் மகள் எடுத்த படம் என்று அவரைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றிருந்தது. சொல்லவில்லை. ஆனால் சொல்லத் தோன்றியதே எனக்குப் புதுசு.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பாப்பா அழுது, சர்க்கரையைச் சப்பி, அடங்கினது. அதற்குப் பிறகு சாப்பிட்டு வருகிறவர்களையெல்லாம் மரகதம் வாசலுக்கு இழுத்துப் போக ஆரம்பித்தார். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் கன்னடம். அவரும் இரண்டிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். கண்ணுக்குள்ளே பாருங்க, அந்த வெள்ளையப் பாருங்க, நானே ரெண்டு நாள் நடுங்கிப் போயிட்டேன். தன் பயத்தை ஒளிக்காமல் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெரிய மனசு அவருக்கு இருந்தது. கேட்டவர்களில் கைக்குழந்தை வைத்திருந்த பெண்கள் சுமதியைச் சூழ்ந்துகொண்டு, எங்க பாப்பாவுக்கும் இதே மாதிரி கண்ணு வரணும், எப்ப வரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் பந்தல் தூண் ஓரமாக நின்றிருந்தேன். மரகதம் கண்டுபிடித்துவிட்டார். கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பேனருக்குக் கீழே நிறுத்தினார்.

"இவங்கதான். கைய விரிச்சு நில்லுங்கக்கா. அது மாதிரி இல்லியேங்கறாங்க."

வாசல் நிறைய ஆட்கள். எல்லாரும் மேலே பேனரைப் பார்ப்பதும் கீழே என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு துணியும் இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் சுமதி நின்றிருந்தாள். அவள் என்னைக் காப்பாற்ற வரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண் நிறைய என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையை விரித்தேன். எட்டின மட்டும் விரித்தேன்.

யாரோ கைதட்டினார்கள். "போதும்க்கா, எறக்குங்க" என்று மரகதம் சொன்னது காதில் விழுந்தது. நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.